எஞ்சினைக் கேட்டு இம்பெல்லர் வாங்குங்கள்

1977-ஆம் ஆண்டு எட்மண்ட் ஹிலாரியின் குழு, கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து மூன்று படகுகளில் புறப்பட்டது. ஹூக்ளியில் நம் கொல்கத்தாவைத் தாண்டி, பாட்னா, காசி, ஹரித்வார் என்று ஆற்றை எதிர்த்தே ஏறியது. 'கங்கா', 'ஏர் இந்தியா', 'கிவி' என்பன அந்தப் படகுகளின் பெயர்கள். இமயமலைக்குள் நந்தப்பிரயாகை அருகே ஒரு நீர்வீழ்ச்சி குறுக்கே நின்று "இதுக்கு மேல வழி இல்லை" என்று சொன்ன பிறகுதான் அவை நின்றன. எவரெஸ்ட் ஏறியவர் என்பதால் ஹிலாரியை உலகம் அறியும். அந்தப் படகுகளின் வயிற்றுக்குள் சுழன்று, அவற்றை மலை வரை ஏற்றிய சிறு சக்கரத்தை அறிந்தவர்கள் குறைவு. அதன் பெயர் இம்பெல்லர். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

மூன்றுமே ஜெட் படகுகள். சாதாரண மோட்டார் படகில் புரொப்பெல்லர் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாறையில் பட்டால் போச்சு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் அய்ரிஷ்மேன் க்ரீக் என்ற இடத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டனுக்கு இதுதான் தலைவலி. அவர் ஊர் ஆறுகள் அகலமானவை, வேகமானவை, ஆழமில்லாதவை, அடியெல்லாம் கூழாங்கல். 1950-களின் நடுவில் அவர் ஒரு பம்ப்பைப் படகுக்குள்ளேயே வைத்து, அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பீய்ச்சும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்ததும் படகு ஓட்டமெடுத்தது. 1960-இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சல் போட்டு மேலேறின. அவர் மகன் ஜான் ஹாமில்டன்தான் 1977-இல் கங்கைப் பயணத்திலும் படகோட்டி.

நம் ஊருக்கும் இந்தத் தொழில்நுட்பம் அந்நியமல்ல. கார்டன் ரீச் கப்பல்கட்டும் தளத்தில் நம் கடற்படைக்காகக் கட்டப்பட்ட கார் நிகோபார் வகைத் தாக்குதல் படகுகள் பத்தும், ஒவ்வொன்றும் மூன்று நீர்ஜெட்டுகளில் ஓடுபவை. அவற்றில் முதலாவது 2009-இல் பணியில் சேர்ந்தது. கோவாவிலும் அந்தமானிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் வாட்டர் ஸ்கூட்டர்களும் சின்ன ஜெட் படகுகள்தாம். கடலில் தத்தளிப்பவரை மீட்கவும் அதே வண்டிதான் போகிறது. எனவே இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. காரணம் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரை இடமோ வலமோ திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். தண்ணீர் பீய்ச்சவில்லையென்றால் வேகம் மட்டுமல்ல, திரும்புவதும் போய்விடும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டவர்கள் நேராகப் போய் மோதுவது இதனால்தான். பாறைகளுக்கு நடுவே இம்பெல்லர் காலை வாரினாலும் அதே கதிதான்.

ஜெட் படகு வைத்திருப்பவர்கள் இரண்டாம் வருடத்தில் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி முன்ன மாதிரி இழுக்கலை. வெளியில நல்ல ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் வருதாமே, கொஞ்சம் பெரிசா ஒண்ணு வாங்கிப் போடலாமா?" வெளி ஸ்பேர் என்றால் டூப்ளிகேட் என்று நினைத்துவிட வேண்டாம். மல்லிக் பஜாரில் கார் சாமான் வாங்கிய அனுபவத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. தைவானின் சோலாஸ், அமெரிக்காவின் ஸ்கேட்-ட்ராக் போன்றவர்கள் இம்பெல்லர் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். படகுக் கம்பெனி போட்டுத் தரும் இம்பெல்லரைவிட அவர்களுடையது பல நேரம் நேர்த்தியாக இருக்கும். கேள்வி சரக்கின் தரம் பற்றியது அல்ல. பொருத்தம் பற்றியது.

பம்ப்தான், வேறொன்றுமில்லை

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிணற்று மோட்டாரைப் பிரித்தால் உள்ளே இதழ் இதழாக ஒரு சக்கரம் இருக்குமே, அதே சாதிதான். கலிபோர்னியாவில் விவசாயப் பம்ப் செய்துகொண்டிருந்த பெர்க்லி கம்பெனிதான் பிறகு அந்நாட்டு ஜெட் படகுக்காரர்களுக்குப் பிரியமான ஜெட்டையும் செய்தது. கிணற்றில் தண்ணீரை உயரத்துக்குத் தள்ளுகிறோம். படகில் அதே தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறோம், படகு முன்னால் போகிறது. அடிப்பகுதியில் கம்பி வலை போட்ட வாய், அதற்குப் பின் இம்பெல்லர், அதைச் சுற்றி வேர் ரிங் என்னும் வளையம், சுழன்று வரும் தண்ணீரை நேராக்கும் அசையாத ஸ்டேட்டர் இதழ்கள், கடைசியில் குறுகும் குழாய். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்.

இதில் கிணற்றுப் பம்ப்காரர்கள் அறிந்த ஒரு விதி அப்படியே செல்லும். இம்பெல்லர் கேட்கும் சக்தி, அதன் சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். சுற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். பத்து சதவீதம் கூடுதல் சுற்றுக்கு முப்பத்துமூன்று சதவீதம் கூடுதல் சக்தி. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இம்பெல்லர் வியாபாரத்தில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஓர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,600 சுற்றில் தன் முழு சக்தியான 200 கிலோவாட்டைத் தருகிறது என்று வையுங்கள். 4.6-ஐ மும்முறை பெருக்கினால் ஏறக்குறைய 97. 200-ஐ 97-ஆல் வகுத்தால் 2.06. அதாவது 1,000 சுற்றில் ஏறக்குறைய 2 கிலோவாட் கேட்கும் இம்பெல்லர்தான் இந்த எஞ்சினுக்கு ஜோடி. இப்போது 'பெரிசா' வேண்டுமென்று 1,000 சுற்றில் 2.6 கிலோவாட் கேட்கும் இம்பெல்லரைப் போடுகிறோம். எஞ்சின் 4,200 சுற்றுப் பக்கத்திலேயே திணறி நின்றுவிடும். அந்தச் சுற்றில் அதனால் 200 கிலோவாட் தரவும் முடியாது. 190 தந்தால் அதிகம். காசு கொடுத்துப் பத்து கிலோவாட்டைத் தொலைத்திருக்கிறோம். அதோடு போகாது. மலை ஏற்றத்தில் டாப் கியரில் கார் உதறுவதைப் போல எஞ்சின் எந்நேரமும் அமுங்கியே ஓடும். சூடு ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். மறுபக்கம், 1.6 கிலோவாட் கேட்கும் சின்ன இம்பெல்லரைப் போட்டால் எஞ்சின் 5,000 சுற்றை நோக்கி ஓடும். அதன் எல்லை 4,800 என்றால் அதுவும் ஆபத்துதான். சத்தம் பிரமாதமாக இருக்கும், உந்துதல் இருக்காது.

படகு எத்தனை பெரியது, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று இதுவரை நான் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இதுதான் ஜெட்டின் விசேஷம். வெளியே சுழலும் புரொப்பெல்லருக்குப் படகின் எடையும் வேகமும் நேராகத் தெரியும். பத்துப் பேர் கூட ஏறினால் எஞ்சின் சுற்று இறங்கும். ஆகையால் புரொப்பெல்லரைப் படகைப் பார்த்து வாங்க வேண்டும். ஜெட்டின் இம்பெல்லரோ குழாய்க்குள் இருக்கிறது. படகு வெறுமையாகப் பறந்தாலும், பாரம் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தாலும், முழு ஆக்ஸிலரேட்டரில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். இம்பெல்லருக்குத் தெரிந்ததெல்லாம் எஞ்சின் மட்டும்தான். படகு கனமென்றால் மாற்ற வேண்டியது பம்ப்பின் அளவை. இம்பெல்லரின் சாய்வை அல்ல. குறைந்த வேகத்தில் அதிக தண்ணீரைத் தள்ளும் பெரிய வாய்ப் பம்ப் கனமான படகுக்கு ஏற்றது. அதிக அழுத்தத்தில் குறைந்த தண்ணீரைப் பீய்ச்சும் சின்னப் பம்ப் லேசான, வேகமான படகுக்கு.

இம்பெல்லரே தராசு

மும்மடி விதியில் இன்னொரு லாபம் உண்டு. இதைப் படகுக்காரர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். இம்பெல்லர் மாறாமல் இருக்கும்வரை, சுற்று எண்ணே எஞ்சினின் சக்தியைச் சொல்லிவிடும். வண்டி புதிதாக இருந்தபோது 4,600 சுற்று போனது, இன்று 4,350-தான் போகிறது என்றால், ஐந்தரை சதவீதம்தானே குறைந்தது என்று அலட்சியம் செய்யக்கூடாது. மும்மடிக் கணக்கில் அது பதினைந்து சதவீத சக்தி இழப்பு. ஒரு ஸ்பார்க் பிளக் செத்திருக்கும், எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கும், கம்ப்ரஷன் போயிருக்கும். அங்கே போய்ச் சின்ன இம்பெல்லர் போட்டால் சுற்று பழையபடி ஏறும், மனசு சந்தோஷப்படும், நோய் உள்ளேயே இருக்கும்.

சுற்று கூடுதலாக இருந்து வேகம் குறைவாக இருந்தால் விஷயம் வேறு. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது; இம்பெல்லருக்குப் பிடி கிடைக்கவில்லை. காற்றை உறிஞ்சுகிறதா, இடைவெளி அகன்றுவிட்டதா, இதழ் முனை சிதைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, சுற்றும் சரி, வேகம் மட்டும் குறைவு என்றால் படகின் அடியைப் பாருங்கள். பாசி, சிப்பி ஒட்டியிருக்கும், இல்லை உடம்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அதற்கு இம்பெல்லரைக் குறை சொல்வது ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன கதைதான்.

கடன் வாங்கியாவது முதலில் ஒரு ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியைப் பார்த்துவிடுங்கள். இம்பெல்லர் இதழின் விளிம்புக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே புதிதில் ஒரு மில்லிமீட்டரின் மிகச் சிறு பகுதிதான் இருக்கும். வாட்டர் ஸ்கூட்டர்களில் அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் ரிங்கை மாற்றும் நேரம் வந்தாச்சு. சரியான எல்லையை அந்தந்த மாடலின் கைப்புத்தகமே சொல்லும். இந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பின்னாலிருந்து முன்னாலேயே நழுவி ஓடுகிறது. கங்கை, ஹூக்ளி போன்ற வண்டல் ஆறுகளில் மணல் இந்தச் சந்தை அரைத்துக்கொண்டே இருக்கும். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் எஞ்சினை முறுக்கிக் கிளம்புகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். வாய் நேரே அடிமணலைத்தானே உறிஞ்சுகிறது.

வெளி இம்பெல்லர் போட்டதும் "வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது சார்" என்று சொல்பவர்களில் பலர், இம்பெல்லரோடு சேர்த்துப் புது ரிங்கும் போட்டவர்கள். சந்து அடைந்ததால் வந்த பலனைச் சக்கரத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். ரிங்கை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்திருந்தால் செலவில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கும். பல ஸ்கூட்டர்களில் இந்த ரிங் பிளாஸ்டிக்தான். தேய்வதற்காகவே வைத்த பாகம். கேஜை உள்ளே விடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியையும் கைக்கயிற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் பத்துதான் இருக்கிறது.

குமிழிகள் செய்யும் வேலை

கேவிட்டேஷன் என்ற சொல்லைப் பம்ப் மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்வார்கள். விளக்கம் கேட்டால் "காத்து பிடிக்குது" என்பார்கள். காற்று பிடிப்பது வேறு, இது வேறு. தண்ணீர் நூறு டிகிரியில்தான் கொதிக்கும் என்பது சாதாரண காற்றழுத்தத்தில் உண்மை. அழுத்தம் மிகவும் குறைந்தால் அது ஆற்றுத் தண்ணீரின் சூட்டிலேயே கொதித்து ஆவிக்குமிழியாகும். இம்பெல்லர் இதழின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் அப்படிக் குறைகிறது. அங்கே பிறந்த குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் சட்டென்று உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் உலோகத்தின்மேல் ஒரு சிறு சுத்தியல் அடி. சில மணி நேரத்தில் இதழ் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிடும். குமிழி நிறைந்த தண்ணீருக்குக் கனமும் இல்லை. எஞ்சின் அலறும், படகு நகராது.

படகு மெதுவாகப் போகும்போது முழு சக்தியைக் கொடுத்தால்தான் இது அதிகம் வரும். வேகமாகப் போகும்போது தண்ணீர் தானாகவே வாய்க்குள் முட்டிக்கொண்டு வருகிறது. நிற்கும்போது பம்ப் எல்லாவற்றையும் உறிஞ்சியாக வேண்டும். இதனால், படகைக் கரையில் கட்டிப்போட்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துச் சுற்றைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. அதில் கேவிட்டேஷனும் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். ஆழமான தண்ணீரில், படகு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த எண்தான் எண்.

வெளி இம்பெல்லர்களின் உண்மையான மேன்மை இங்கேதான் இருக்கிறது. அவற்றின் இதழ்கள் மெல்லியவை, விளிம்பு கூரானது, ஒன்றின்மேல் ஒன்று கூடுதலாகப் படிந்திருக்கும். இதழின் பரப்பு கூடக்கூட ஒவ்வொரு சதுர அங்குலமும் சுமக்கும் பாரம் குறைகிறது, குமிழி பிறப்பது தள்ளிப்போகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது வழுக்காமல் பிடிப்பதற்கு இதுவே காரணம். மீட்புப் பணியில் இருப்பவனுக்கு உச்ச வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் கூடுவதைவிட இந்தப் பிடிப்பு ஆயிரம் மடங்கு முக்கியம். அலைக்கு நடுவே ஒருவரை ஏற்றிக்கொண்டு, பின்னால் பாரத்தோடு, நின்ற இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் அல்லவா?

காற்று பிடிப்பதென்றால் வாய்க்கும் உடம்புக்கும் நடுவே சீல் விட்டிருக்கும், அல்லது வலையில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சிக்கியிருக்கும். நம் ஆறுகளில் பிளாஸ்டிக் பை என்பது சந்தேகத்துக்கு முதல் ஆள்.

எண்ணும் எழுத்தும்

வாட்டர் ஸ்கூட்டர் இம்பெல்லரில் 13/18 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். தண்ணீரை முதலில் தொடும் விளிம்பின் சாய்வு 13 டிகிரி, விட்டு வெளியேறும் விளிம்பின் சாய்வு 18 டிகிரி என்று பொருள். மெதுவாகப் பிடித்துப் படிப்படியாக வேகப்படுத்தும் அமைப்பு அது. எண் கூடினால் பாரம் கூடும், எஞ்சின் சுற்று இறங்கும். ஒரே டிகிரி மாற்றமே சுற்றில் நூறு, அதற்கு மேலும் வித்தியாசம் காட்டும் என்பதால், மூன்று டிகிரி தாவிப் போடுவது கண்ணை மூடிக்கொண்டு கிணறு தாண்டுவது. நல்ல பட்டறையில் இதழின் முனையை வளைத்து ஒரு டிகிரி ஏற்றவோ இறக்கவோ முடியும்; புதிதாக வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனியின் 13/18-ம் இன்னொரு கம்பெனியின் 13/18-ம் ஒரே பாரம் தரும் என்று எண்ண வேண்டாம். இதழின் வளைவும் பரப்பும் அச்சுக்குடத்தின் பருமனும் வேறாக இருக்கும்.

பெர்க்லி வகைப் பெரிய ஜெட்டுகளில் எண்ணுக்குப் பதில் எழுத்து: ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கிக்கொண்டே போகும். ஏஏ அதிக சக்தி கேட்பது. இது கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரருக்கு அத்துப்படியான வித்தைதான்: மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்தால் இம்பெல்லரின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கடைந்து விடுவார்களே, அதே போல ஒரே வார்ப்பை வெவ்வேறு விட்டத்தில் கடைந்து வெவ்வேறு எழுத்துக் கொடுக்கிறார்கள். கடைந்தது கடைந்ததுதான், திரும்ப வளராது. ஆகையால் சந்தேகம் வந்தால் பெரிய எழுத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது. பழைய படகை வாங்குகிறவர்கள், மேலே குத்தியிருக்கும் எழுத்தை நம்பாமல் விட்டத்தை அளந்து பார்ப்பது இன்னும் நல்லது.

உலோக விஷயத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். மணல் தின்னாது, குமிழி அடியைத் தாங்கும், மெல்லிதாக வார்க்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் கடலில், அலுமினிய உறைக்குள் ஸ்டெயின்லெஸ் சக்கரம் சுழன்றால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும். கரைவது ஸ்டெயின்லெஸ் அல்ல, அலுமினியம். தியாகத்துக்கென்றே வைத்த துத்தநாகத் துண்டுகளை ஒழுங்காக மாற்றாதவர்கள் ஸ்டெயின்லெஸ் பக்கம் போகாமலிருப்பது நலம். கல் விஷயமும் உண்டு. அலுமினிய இதழில் கல் பட்டால் இதழ் வளையும், முனை போகும், அதோடு சரி. ஸ்டெயின்லெஸ் வளையாது, அந்த அடி ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போகும். கூழாங்கல் ஆற்றில் ஓட்டுகிறவர் எதை உடைக்கத் தயார் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வெண்கலம் பழைய ஆள், கடலுக்கு ஏற்றவர், கனமானவர்.

அப்படியானால் எப்போதுதான் இம்பெல்லரை மாற்றுவது? எஞ்சினை மாற்றினால், அல்லது டர்போ, சூப்பர்சார்ஜர் போட்டுச் சக்தியைக் கூட்டினால் மாற்றியே ஆகவேண்டும். அப்போதும் கணக்கை மறக்காதீர்கள்: சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் பழைய இம்பெல்லரில் சுற்று இருபத்தாறு சதவீதம்தான் கூடும். மலைப் பிரதேசத்துக்கு எடுத்துப் போகிறோமே, மாற்றட்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் சாதாரண எஞ்சின் பத்து சதவீத சக்தியை இழக்கும். சுற்றோ மூன்று, மூன்றரை சதவீதம்தான் இறங்கும். இழுவை குறையும், ஆனால் ஜோடிப் பொருத்தம் கெடாது. இதழ் சிதைந்து சரிசெய்ய முடியாமல் போனால், அல்லது படகைக் கட்டியவரே தொடக்கத்தில் தப்பான ஜோடி சேர்த்திருந்தால் மாற்றலாம்.

வாங்கும்போது எஞ்சினின் முழு சக்தி எத்தனை சுற்றில், அனுமதித்த எல்லை எவ்வளவு, இப்போது ஓடும் படகில் எடுத்த சுற்று எவ்வளவு, பம்ப்பின் உள்விட்டம் என்ன, ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் எத்தனை பல் என்ற ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இவற்றைக் கேட்காமல் "இதைப் போடுங்க, ஸ்பீடு எகிறும்" என்று பெட்டியை நீட்டும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். மாட்டியதும் புது ரிங்கோடு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். முதல் நாளே ஆழமான தண்ணீரில் ஓட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் சுற்றையும் குறித்து, எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். கீழே இறங்கியிருந்தால் எஞ்சின் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மேலே ஏறியிருந்தால் ஃபீலர் கேஜை எடுங்கள்.